பாதியில் காலி செய்தால் அட்வான்ஸ் யாருக்கு?

(அவலூர்பேட்டையில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

திருவண்ணாமலையில் அவலூர்பேட்டை சாலை என்றே ஒரு சாலை உண்டு. ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. செஞ்சி, மேல்மலையனூர், அவலூர்பேட்டைப் பக்கம் சொந்த வீடும் கொஞ்சம் நிலமும் வைத்திருக்கும் குடும்பங்களிலும், சென்னையிலோ பெங்களூரிலோ ஒரகடத்திலோ வாடகை வீட்டில் ஒரு பிள்ளை இருப்பது சாதாரணமாகிவிட்டது. இங்கே கடைத்தெருவில் கடை பிடித்தவர்களும் வாடகைதாரர்கள்தான். மாற்றலாகி வந்த ஆசிரியர், வங்கி ஊழியர், செவிலியர் என்று வெளியூரிலிருந்து வந்து குடியிருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே வாடகை என்பதை நகரவாசிகளின் பிரச்சினை என்று ஒதுக்கிவிட முடியாது.

வாடகை வீட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே திசையில்தான் போகிறது. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னால் என்ன செய்வது, வாடகையை ஏற்றினால் என்ன செய்வது என்றுதான் கேட்கிறார்கள். மறுபக்கம் ஒன்று இருக்கிறது. குடியிருப்பவரே கிளம்ப வேண்டிய கட்டாயம் வந்தால் என்ன ஆகும்? வேலை போய்விடுகிறது, மாற்றல் வருகிறது, ஊரில் அப்பா படுத்துவிடுகிறார், பிள்ளைக்கு வேறு ஊரில் கல்லூரி கிடைக்கிறது. அக்ரிமென்டில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது. “அண்ணா, அடுத்த மாசம் காலி பண்ணிக்கிறோம்” என்று சொன்னதும் பதில் வருகிறது: “பதினோரு மாசம்னுதானே பேசினோம்? அட்வான்ஸை எப்படித் தர்றது?”

அந்தக் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. அது வாடகைதாரரின் காதுக்கும் வீட்டுக்காரரின் காதுக்கும் எட்டாமல் கிடக்கிறது. அதைப் பொதுவில் எடுத்துவைப்பதே இந்தச் சொற்பொழிவின் வேலை.

காலி செய்யும் நாளைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்க வேண்டும். டெம்போவில் பீரோவும் கட்டிலும் ஏறியாகிவிட்டது. வெறும் வீட்டில் வீட்டுக்காரர் ஒவ்வோர் அறையாக நடக்கிறார். சுவரில் காலண்டர் மாட்டிய ஆணி ஓட்டைகளை எண்ணுகிறார். சமையலறையில் தாளிப்புப் புகை படிந்த இடத்தை விரலால் தேய்த்துப் பார்க்கிறார். குழாய் சொட்டுகிறது, ஃபேன் ரெகுலேட்டர் சுற்றவில்லை, பாத்ரூம் கதவின் அடிப்பக்கம் ஊறியிருக்கிறது. கிழித்த காலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்கு எழுதப்படுகிறது: பெயின்டுக்கு ஒரு மாத வாடகை, இ.பி. பில், தண்ணீர், கதவு, முன்கூட்டியே போவதற்கு இரண்டு மாதம். கடைசியில் ஒரு வரி: “மீதியைப் புது ஆள் வந்ததும் ஜி.பே. பண்ணிடறேன்.” டெம்போக்காரர் கீழே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். கிளம்புகிறவருக்கு வாதாட நேரம் இல்லை. சாவி கைமாறிவிடுகிறது, பணம் மாறவில்லை. சாவியைக் கொடுத்த பிறகு அந்தக் குடும்பத்தின் கையில் பிடி எதுவும் இல்லை.

சட்டம் இத்தனை காலம் எதைப் பார்த்துக்கொண்டிருந்தது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது, 1941இல் சென்னை மாகாணத்தில் வீட்டு வாடகைக் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. அதைத் தொடர்ந்து 1946இல் ஒரு சட்டம், 1949இல் இன்னொன்று, பிறகு 1960இல் தமிழகம் நீண்ட காலம் அறிந்திருந்த கட்டட வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தன. இவை எல்லாவற்றின் கவலையும் ஒன்றுதான்: குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றக் கூடாது. மாத வாடகை 400 ரூபாய்க்கு மேல் உள்ள குடியிருப்பு வீடுகளுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது என்று 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்தது. கடைகளுக்கு அப்படி உச்சவரம்பு இல்லை. இது சமத்துவத்துக்கு விரோதம் என்று ரத்தன் ஆர்யா வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே அடித்துவிட்டது. அதற்கு முன் 1979இல், தமிழகத்திலிருந்து போன தனபால் செட்டியார் வழக்கில், ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து, வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளியேற்றக் கோரும்போது பழைய 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டப்படியான நோட்டீஸ் தேவையா என்ற கேள்வியைத் தீர்த்துவைத்தார்கள். தேவையில்லை என்பது தீர்ப்பு.

எல்லாம் இருப்பதைப் பற்றியும் வெளியேற்றுவதைப் பற்றியும்தான். தானாகக் கிளம்புகிறவருக்காக யாரும் பெரிதாக வழக்காடவில்லை. அதற்குக் காரணம் தெளிவு. ஐம்பதாயிரம் ரூபாய் அட்வான்ஸுக்காக வக்கீல் வைத்து, வேறு ஊரிலிருந்து வாய்தாவுக்கு வந்துபோக யாரால் முடியும்?

1960ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது இல்லை. அதன் இடத்தில், தமிழ்நாடு சொத்து உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் முறைப்படுத்துதல் சட்டம், 2017 என்ற நீண்ட பெயர் கொண்ட சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்பது இதன் அடிப்படை. பதிவுக்கு அரசு இணையதளம் இருக்கிறது. பதிந்தால் ஒரு பதிவு எண் கிடைக்கும். துணை ஆட்சியர் நிலையிலுள்ள ஒருவர் வாடகை அதிகாரி. அவருக்கு மேல் வாடகை நீதிமன்றம், அதற்கு மேல் வாடகைத் தீர்ப்பாயம். நகர்ப்பகுதி வாடகையை முதன்மையாக மனத்தில் வைத்து எழுதிய சட்டம் இது.

இந்தச் சட்டத்தில் கிளம்புகிறவருக்கு உதவும் இடங்கள் மூன்று இருக்கின்றன. வீட்டை விடுவதற்கு முன் ஒப்பந்தத்தில் சொன்ன காலத்துக்கு முன்னறிவிப்புத் தர வேண்டும், ஒப்பந்தம் அதைச் சொல்லவில்லை என்றால் ஒரு மாதம் போதும் என்பது முதல் இடம். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்பது இரண்டாவது. மூன்றாவது இடம் சட்டத்தின் பின்னால் இருக்கும் இரண்டாம் அட்டவணை. எந்தப் பழுதை யார் பார்க்க வேண்டும் என்று அதில் பிரித்துக் கொடுத்திருக்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய்ப் பாதையை மாற்றுவது, மின் கம்பி இழுப்பது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு, ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பொறுப்பு. காலண்டர் தாளில் முதல் வரியாக எழுதப்பட்ட அந்த ‘பெயின்டுக்கு ஒரு மாதம்’, ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, சட்டப்படி குடியிருந்தவர் கணக்கில் வராது. சொட்டும் குழாயும் ரெகுலேட்டரும் வேண்டுமானால் வரும்.

ஆனால் அட்வான்ஸ் பற்றிய பிரிவின் தலைப்பகுதியில் ஒரு வாசகம் உட்கார்ந்திருக்கிறது: வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர. பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் வழக்கம் இந்த வாசகத்தின் நிழலில்தான் பிழைத்துக்கொண்டிருக்கிறது. வீடு கிடைக்காமல் அலையும் குடும்பம் எந்தத் தொகைக்கும் கையெழுத்துப் போடும். அதை மனமொத்த ஒப்பந்தம் என்று சட்டம் எடுத்துக்கொள்வது பெரிய குறை. மத்திய அமைச்சரவை 2021 ஜூன் 2 அன்று ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாதம், கடை போன்றவற்றுக்கு ஆறு மாதம் என்று உச்சவரம்பு சொல்கிறது.

புதிய சட்டம் எட்டாத இடத்தில் என்ன? அங்கே 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் இருக்கிறது. மாத வாடகைக் குடியிருப்பை இரு தரப்பில் யார் வேண்டுமானாலும் 15 நாள் நோட்டீஸில் முடிக்கலாம் என்கிறது அதன் 106ஆம் பிரிவு. எழுத்தில் எதுவும் இல்லாமல் வாய்ப்பேச்சில் குடியேறியவர்தான் கிராமப்புறத்தில் அதிகம். அவர் பயந்துகொண்டு கிடக்க வேண்டியதில்லை. பதினைந்து நாள் முன்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். அதே சட்டத்தின் 108ஆம் பிரிவு, வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, புழங்கிய தேய்மானத்துக்கு விலக்கும் தருகிறது. மூன்று வருடம் சமைத்த அடுக்களைச் சுவரில் புகை படியாமல் இருக்காது. அது தேய்மானம். அம்மிக்கல்லைப் போட்டுத் தரையை உடைத்தால் அது சேதம்.

பதினோரு மாத அக்ரிமென்ட் எங்கிருந்து வந்தது என்பதும் இந்தச் சட்டத்தில்தான் தெரிகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது 107ஆம் பிரிவு. பதிவுச் செலவைத் தவிர்க்கப் பதினொன்று என்று எழுதிப் பழகிவிட்டார்கள்.

இனிமேல்தான் சிக்கலான பகுதி. காலம் குறிப்பிட்டு எழுதிய ஒப்பந்தத்தில், இடையில் விலகலாம் என்று எந்த வரியும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். குடியிருப்பவர் பாதியில் போனால் அது ஒப்பந்த மீறல்தான். அதை மறைப்பதில் பயனில்லை. வீட்டுக்காரருக்கு நஷ்டஈடு கேட்கும் உரிமை வருகிறது. எவ்வளவு கேட்கலாம் என்பதுதான் கேள்வி. அட்வான்ஸ் முழுவதையும் எடுத்துக்கொள்ளலாமா? மீதி ஆறு மாத வாடகையையும் கேட்கலாமா?

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இன் 74ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. மீறினால் இவ்வளவு தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு தொகை எழுதியிருந்தாலும், அது உச்சவரம்புதான். அதற்குள் எது நியாயமான இழப்பீடோ அதுவே கிடைக்கும். இந்தப் பிரிவுக்கு உயிர் கொடுத்தது பதே சந்த் வழக்கு. டெல்லியில் ஒரு கட்டடத்தை 1,12,500 ரூபாய்க்கு விற்க 1949இல் பேச்சு. வாங்க வந்தவர் 1,000 ரூபாயும், பிறகு 24,000 ரூபாயும் கொடுத்தார். விற்பனை நடக்கவில்லை. இருபத்தைந்தாயிரமும் தனக்கே என்றார் விற்க வந்தவர். உச்ச நீதிமன்றம் 1963இல், அச்சாரமான 1,000 ரூபாயை வைத்துக்கொள்ளலாம், 24,000 ரூபாயை அபராதமாக விழுங்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

வாடகை அட்வான்ஸுக்கு இன்னும் நெருக்கமான வழக்கு மவுலா பக்ஷ் என்ற ஒப்பந்தக்காரருடையது. இராணுவத்துக்கு உருளைக்கிழங்கும், கோழி, முட்டை, மீனும் தருவதாக 1947இல் ஒப்பந்தம் எடுத்தார். பாதுகாப்புத் தொகையாக ஒன்றுக்கு 10,000 ரூபாயும் இன்னொன்றுக்கு 8,500 ரூபாயும் கட்டினார். சரியாகச் சப்ளை செய்யவில்லை, தவறு அவர் பக்கம்தான். அரசு ஒப்பந்தத்தை ரத்து செய்து தொகையைப் பிடித்துக்கொண்டது. வழக்கு 1969இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. உருளைக்கிழங்குக்கும் முட்டைக்கும் சந்தை விலை உண்டு. வேறிடத்தில் வாங்கியதில் எவ்வளவு கூடுதலாகச் செலவானது என்று அரசு கணக்குக் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. ஆகவே பாதுகாப்புத் தொகையைப் பிடிக்க முடியாது என்றது நீதிமன்றம். தவறு செய்தவரின் பணத்தைக்கூட, நஷ்டம் காட்டாமல் எடுக்கக் கூடாது. எதிரே நின்றது இந்திய அரசாங்கம் என்பதையும் மறக்கக் கூடாது.

பிறகு 2015இல் கைலாஷ்நாத் வழக்கு வந்தது. டெல்லி வளர்ச்சி ஆணையம் 3.12 கோடி ரூபாய்க்கு ஏலம் போன மனைக்குரிய 78 லட்சம் அச்சாரத்தைப் பறிமுதல் செய்துவிட்டு, அதே மனையை 11.78 கோடிக்கு மறுபடி விற்றது. நஷ்டமே இல்லாத இடத்தில் இழப்பீடு எங்கிருந்து வரும் என்று கேட்டு, பணத்தைத் திருப்பித் தர வைத்தது உச்ச நீதிமன்றம்.

வீட்டு வாடகையில் நஷ்டத்தைக் கணக்கிடுவது உருளைக்கிழங்கைவிட எளிது. ஓர் உதாரணம் போதும். மாத வாடகை 9,000 ரூபாய், அட்வான்ஸ் 60,000. பதினோரு மாத ஒப்பந்தத்தில் ஐந்தாம் மாதத் தொடக்கத்தில் நோட்டீஸ் கொடுத்து, மாத முடிவில் காலி செய்கிறார். வீடு இருபது நாள் பூட்டிக் கிடக்கிறது, பிறகு புதுக் குடித்தனம் அதே வாடகைக்கு வருகிறது. வீட்டுக்காரரின் நஷ்டம் இருபது நாள் வாடகையான 6,000 ரூபாய். புது ஆளைக் கொண்டுவர அவர் தன் கையிலிருந்து புரோக்கர் கமிஷன் கொடுத்திருந்தால் அதையும் கேட்பது நியாயம். மின்கட்டணப் பாக்கி இருந்தால் அது தனி. ஏறத்தாழ ஐம்பதாயிரம் ரூபாய் திரும்பி வந்தாக வேண்டும். புது ஆள் 10,000 ரூபாய் வாடகைக்கு வந்திருந்தால், மிச்சமிருந்த காலத்தில் ஏறத்தாழ 5,300 ரூபாய் கூடுதலாக வரும். நஷ்டம் எழுநூறு ரூபாய்க்குள் சுருங்கிவிடும். வீட்டைப் பூட்டிப் போட்டுவிட்டு, யாரையும் வைக்க முயலாமல், ஆறு மாத வாடகையையும் கேட்பதற்கு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு இடம் தருவதில்லை. நஷ்டத்தைக் குறைக்கக் கையில் இருந்த வழியையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும் என்று அது சொல்கிறது.

கடை வாடகையில் ‘லாக்-இன்’ என்ற நிபந்தனை இப்போது சிற்றூர் வரைக்கும் வந்துவிட்டது. மூன்று வருடம் கடையை விடக் கூடாது, விட்டால் மீதிக் காலத்துக்கும் வாடகை என்று எழுதி, அதை நோட்டரியிடம் ஸ்டாம்ப் பேப்பரில் முடித்துவிடுகிறார்கள். மூன்று வருடக் குத்தகையைப் பதியாமல் விட்டால் அந்த எழுத்துக்கு வலு குறைந்துவிடும். கேரளத்திலிருந்து போன அந்தோணி – இட்டூப் வழக்கில், ஐந்து வருடக் குத்தகை பதிவாகவில்லை. அது ஐந்து வருடக் குத்தகை ஆகாது, கட்டடத்தில் இருந்துகொண்டு வாடகை கொடுத்துவந்ததால் மாத வாடகையாக மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது. பதிவு பண்ணாமல் செலவு மிச்சம் பிடித்த உரிமையாளர், ‘லாக்-இன்’ காலத்தைக் காட்டி மிரட்டும்போது கடைக்காரர் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியிருக்கிறது. மராட்டிய இராணுவ நிலவமைப்புகள் என்ற தொகுதியில் தமிழகத்திலிருந்து இடம்பெற்ற ஒரே கோட்டை அது. டீக்கடை, ஓட்டல், தங்கும் விடுதி என்று கட்டடம் பிடிக்க ஆட்கள் வருவார்கள். வருகிறவர்கள் பத்திரத்தை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

போக்கியம் என்னும் ஒத்தி இதைவிட ஆபத்தானது. சென்னையில் ‘லீசுக்கு வீடு’ என்று போர்டு தொங்குவது இதற்குத்தான். ஐந்து லட்சமோ ஏழு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை இல்லை, போகும்போது முழுத் தொகையும் திரும்பும் என்பது பேச்சு. சட்டத்தின் பார்வையில் இது வாடகையே அல்ல, அனுபவ அடமானம். 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் வருகிறது. பதிவு செய்யாமல் செல்லாது. பாதியில் கிளம்பினால் வாடகைச் சட்டத்தின் ஒரு மாத நோட்டீஸ் இங்கே கைகொடுக்காது, கெடு முடியும்வரை பணத்தைக் கேட்கவும் முடியாமல் போகலாம். வீட்டுக்காரர் அந்தப் பணத்தை மகள் கல்யாணத்துக்கோ கடனுக்கோ செலவழித்திருப்பார். அடுத்த போக்கியக்காரர் வந்தால்தான் இவருக்குப் பணம். வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வங்கி 2002ஆம் ஆண்டுச் சர்ஃபாசி சட்டப்படி வீட்டைக் கையகப்படுத்த வந்தால், பதியாத போக்கியக்காரர் தெருவில் நிற்பார். வில்லங்கச் சான்று பார்க்காமல், பதிவு இல்லாமல் போக்கியத்துக்குப் பணம் கொடுப்பதை யாரும் செய்யக் கூடாது.

கிளம்ப வைப்பது எப்போதும் சொந்தக் காரணமாக இருப்பதில்லை. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அடுத்த நாள் திருவண்ணாமலையில் மலைச்சரிவு வீடுகளைப் புதைத்தது. இப்படி நேரும்போது 108ஆம் பிரிவின் ஒரு விதி குடியிருப்பவருக்குத் துணை நிற்கிறது. தீயாலோ புயலாலோ வெள்ளத்தாலோ வீட்டின் முக்கியப் பகுதி அழிந்துபோனால், அல்லது நிரந்தரமாகக் குடியிருக்கத் தகுதியற்றுப் போனால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை அவருடையது. ஒரு வாரம் தண்ணீர் நின்று வடிந்தால் அந்த விதி வராது, வீடு நிரந்தரமாகக் கெட்டிருக்க வேண்டும்.

கொரோனா ஊரடங்கில் வேறு வகைத் துன்பம். ஆயிரக்கணக்கானோர் சென்னை அறைகளைப் பூட்டிவிட்டு ஊருக்கு வந்தார்கள். ஒரு மாத வாடகையைத் தொழிலாளர்களிடம் கேட்கக் கூடாது என்று 2020 மார்ச் 29 அன்று மத்திய உள்துறை உத்தரவிட்டது. அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் வாடகை ஏறிக்கொண்டிருந்தது. ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்திவைக்கக் கேட்ட கான் மார்க்கெட் செருப்புக்கடைக்காரர்களுக்கு, கடையைக் கையில் வைத்திருக்கும்வரை வாடகை தந்தே ஆக வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் அந்த மே மாதமே சொல்லிவிட்டது. பூட்டிய அறையின் சாவியைப் பையில் வைத்துக்கொண்டு ஊரில் இருந்தவர்களுக்கு அந்தத் தீர்ப்பு ஒரு பாடம். போவதென்று முடிவானால் எழுதிக் கொடுத்து, சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். நோட்டீஸ் காலத்தோடு வாடகை நிற்கும்.

தமிழர்கள் வாடகைக்கு இருக்கும் வெளிநாடுகளில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருப்பவர் இரண்டு வருட ஒப்பந்தம் போடும்போது, வேலை போய் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால் ஓராண்டுக்குப் பிறகு இரண்டு மாத நோட்டீஸில் விலகலாம் என்று ஒரு நிபந்தனையைச் சேர்ப்பது வழக்கம். இங்கிலாந்தில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்கூட்டி விலகுவதற்கு வீட்டுக்காரர் தன் உண்மையான நஷ்டத்துக்கு மேல் வாங்க முடியாது. சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஏணிப்படி போல ஒரு கட்டணமே நிர்ணயித்துவிட்டார்கள். 2020 மார்ச் 23 முதல் போட்ட, மூன்று வருடத்துக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்கு, கால்வாசிக் காலம் முடியுமுன் கிளம்பினால் நான்கு வார வாடகை, பாதிக்கு முன் மூன்று, முக்காலுக்கு முன் இரண்டு, அதற்குப் பின் ஒரு வாரம். அவ்வளவுதான் விலகல் கட்டணம். அங்கே முன்பணம் வீட்டுக்காரரின் பையில் இருப்பதில்லை. 1977இலேயே அதற்கென்று அரசு வாரியம் அமைத்துவிட்டார்கள். பணம் மூன்றாம் கையில் இருப்பதால் காலண்டர் தாள் கணக்குக்கு அங்கே இடமில்லை.

வீட்டுக்காரர் பக்கத்தையும் பேசியாக வேண்டும். தமிழகத்தில் வாடகைக்கு விடுபவர் எல்லோரும் பெரும் பணக்காரர் அல்லர். ஓய்வூதியம் இல்லாத முதியவர், மாடியைக் கட்டிக் கடன் கட்டுபவர், கணவனை இழந்து மாத வாடகையில் மருந்து வாங்குபவர் என்று பலர் இருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் இரவோடு இரவாகக் காலி செய்துகொண்டு, மூன்று மாத வாடகையும் மின்கட்டணமும் பாக்கி வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு எதிராக அட்வான்ஸ்தான் ஒரே பாதுகாப்பு. அதனால்தான் அட்வான்ஸே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஒரு மாத அவகாசமும், வீடு சும்மா கிடந்த நாளின் வாடகையும், உடைந்ததற்கு ரசீதுள்ள செலவும் வீட்டுக்காரருக்குச் சேர வேண்டியவை. அதற்கு மேல் பிடிப்பது அடுத்தவர் பணம்.

அரசு செய்ய வேண்டியவை இரண்டு இருக்கின்றன. குடியிருப்பு வீட்டுக்கான அட்வான்ஸ் வரம்பிலிருந்து, ‘வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர’ என்ற வாசகத்தை எடுத்துவிட வேண்டும். முன்கூட்டி விலகினால் அதிகபட்சம் ஒரு மாத வாடகை என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். சிட்னியில் நடப்பது சென்னையில் நடக்க முடியாத காரியம் அல்ல.

அது வரும்வரை அவலூர்பேட்டையிலிருந்து வீடு தேடிப் போகும் பிள்ளைகளும், இங்கே வாடகைக்கு விடுபவர்களும் செய்துகொள்ளக்கூடியது இதுதான். குடியேறும் நாளில், ஆணி ஓட்டை உட்பட ஒவ்வோர் அறையையும் ஃபோனில் படம் எடுத்து, வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள். மின் மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒப்பந்தத்தில் இரண்டு வரி கேட்டுச் சேருங்கள்: இரு தரப்பும் ஒரு மாத நோட்டீஸில் விலகலாம், காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸ் திரும்பும். கிளம்பும்போது வாயால் சொன்னதோடு நிறுத்தாமல், ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்புங்கள், சாவி கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். பணம் வரவில்லை என்றால் “பார்க்கலாம்” என்று காத்திருக்க வேண்டாம். கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போடுவதற்குப் பொதுவான காலவரம்பு மூன்று ஆண்டுகள்.